வேலைக்கு இல்லை, பார்க்கத்தான்

எங்கள் பக்கம் வெளிநாடு போவதென்றால் அதற்கு ஒரு காரணம் இருந்தாக வேண்டும். கடலூர் முதுநகரில் எங்கள் தெருவில் சிங்கப்பூரில் ஒருத்தர், குவைத்தில் ஒருத்தர் என்று இல்லாத வீடு குறைவு. பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தில் புதுச்சேரி. அங்கே பல குடும்பங்களுக்கு பிரான்ஸில் சொந்தபந்தம். வேலை, படிப்பு, கல்யாணம், இந்த மூன்றில் எதைச் சொன்னாலும் மறுகேள்வி கிடையாது. "ஆறு மாசம் சும்மா சுத்திப் பாத்துட்டு வரணும்" என்றால் மட்டும் வீடே அமைதியாகிவிடுகிறது.

தேவனாம்பட்டினத்தில் பி.ஏ. வரலாறு மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். இந்த ஆசை எனக்கு ஒட்டிக்கொண்டது தாத்தாவிடமிருந்து.

தாத்தா நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறிப் பினாங்கு போனவர். 1926-இல் கட்டிய கப்பல் அது. சென்னை, நாகை, பினாங்கு, சிங்கப்பூர் என்று எழுபதுகளின் தொடக்கம் வரை ஓடியது. காசில்லாதவர்களுக்கு மேல்தளம்தான். பாய் விரிக்க இடம் பிடிப்பதுதான் கப்பலில் முதல் வேலை என்பார். பினாங்குத் துறைமுகத்தில் வருஷக்கணக்கில் மூட்டை தூக்கினார். அந்தத் தீவில் ஒரு மலை இருக்கிறது. 1923-லேயே அதன் உச்சிக்குக் கம்பி வடத்தில் இழுக்கும் ரயில் விட்டுவிட்டார்கள். தாத்தா தங்கியிருந்த கொட்டகை வாசலில் நின்றாலே மலை தெரியுமாம். ஒரு நாள்கூட அவர் மேலே போனதில்லை. "மேல என்ன தாத்தா இருக்கும்?" என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். "குளிரா இருக்கும்னு சொல்லுவாங்க" என்றார்.

அந்த மலை ரயில் டிக்கெட்டுக்கு ஆகியிருக்கும் காசும் ஊருக்கு மணியார்டராக வந்தது. அதில் அப்பா படித்தார், நாங்கள் இருக்கிற வீட்டுக்குத் தளம் போட்டார்கள். அவ்வளவு வருஷம் ஒரு ஊரில் இருந்தும் அந்த ஊரைப் பார்க்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. எனக்கு அந்த வாய்ப்பு இருக்கிறது. அதை விடக் கூடாது என்று நினைக்கிறேன். ஐந்து நாளில் நான்கு ஊர் காட்டும் பேக்கேஜ் டூர் எனக்கு வேண்டாம். ஒரு ஊரில் மூன்று வாரம், ஒரு மாதம் என்று இருந்து, காய்கறிக் கடைக்காரருக்கு என் முகம் பழகும் அளவுக்கு இருக்க வேண்டும்.

வழியை ஓரளவு முடிவு செய்துவிட்டேன். இப்போது பினாங்குக்குப் பயணிகள் கப்பல் இல்லை, அதனால் சென்னையிலிருந்து கோலாலம்பூர் வரை விமானம். அதற்கு மேல் எல்லாம் தரைவழி. மலேசியா இப்போதைக்கு நமக்கு 30 நாள் விசா இல்லாமல் விடுகிறது. பட்டர்வொர்த் வரை ரயில், அங்கிருந்து படகில் பினாங்கு. முதல் வேலை மலை. அப்புறம் எதிர்க்கரையில் கெடா. 1025-இல் ராஜேந்திர சோழனின் படை போன கடாரம் அதுதான். பூஜாங் பள்ளத்தாக்கில் தோண்டியெடுத்த கோயில் அடித்தளங்களைப் பாடப்புத்தகத்தில் ஒரு பத்தியில் தாண்டிப் போனோம். அங்கே ஒரு முழு நாள் உட்கார்ந்திருக்க வேண்டும். அடுத்து பாடாங் பெசார். ஒரே ஸ்டேஷனுக்குள் மலேசியக் குடிநுழைவும் தாய்லாந்துக் குடிநுழைவும் இருக்கும். ஒரு கவுண்டரில் முத்திரை வாங்கி அடுத்த கவுண்டருக்கு நடந்தால் வேறு நாடு. பாங்காக்கிலிருந்து லாவோஸ் தலைநகர் வியந்தியானுக்கே 2024 முதல் நேரடி ரயில் போகிறது. அங்கிருந்து பஸ்ஸில் வியட்நாம். 2023 ஆகஸ்டிலிருந்து அவர்கள் இ-விசாவை 90 நாளுக்குத் தருகிறார்கள். நிதானமாகப் பார்க்க விரும்புகிறவளுக்கு இதைவிட நல்ல செய்தி உண்டா?

வியட்நாமில் நீண்ட நாள் இருக்க நினைப்பதற்கு என் புதுச்சேரித் தோழியின் ஆயா, அதாவது பாட்டி, காரணம். சைகோனில் பிறந்தவர். பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் புதுச்சேரி, காரைக்காலிலிருந்து நிறையப் பேர் அங்கே அரசாங்க உத்தியோகத்துக்கும் பட்டாளத்துக்கும் போனார்கள். ஆயாவின் அப்பாவும் அப்படிப் போனவர்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆயா நெம் செய்வார். மெல்லிய அரிசித் தாளை ஈரத்துணியில் ஒற்றி, கொத்திய இறாலும் கண்ணாடி சேமியாவும் வைத்து, இரண்டு ஓரத்தையும் மடித்துச் சுருட்டுவார். விரல் நடுங்கும், ஆனால் தாள் கிழியாது. எண்ணெய் அதிகம் காய்ந்தால் வெடித்துவிடும் என்று அடுப்புப் பக்கம் எங்களை விடமாட்டார். சைகோன் மாரியம்மன் கோயிலுக்கு வியட்நாம்காரர்களும் ஊதுவத்தியோடு வந்து வேண்டிக்கொள்வார்கள் என்று அவர்தான் சொன்னார். "போனா எனக்கும் சேத்து ஒரு கட்டு கொளுத்திட்டு வா" என்றார். வீட்டிலும் வெளியிலும் நான் சொன்னதும் "எதுக்கு?" என்று கேட்காத ஒரே ஆள் அவர்.

பாஸ்போர்ட் வாங்கிவிட்டேன். 36 பக்கத்துக்கு 1,500 ரூபாய், 60 பக்கத்துக்கு 2,000. நான் 60 பக்கம் எடுத்தேன். அம்மாவுக்கு அந்த ஐந்நூறு வீண் செலவாகத் தெரிந்தது.

பணம்தான் பெரிய விஷயம். கல்லூரியில் சேர்ந்த மாதமே போஸ்டாபீஸில் ஆர்.டி. போட்டேன், மாதம் 1,500. சாயங்காலம் ஏழாவது, எட்டாவது பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிற காசு. 6.7 சதவீத வட்டியில் ஐந்து வருஷம் முடியும்போது ஒரு லட்சத்து ஏழாயிரம் சொச்சம் வரும். ஆறு மாதத்துக்கு இது போதாது, இன்னும் சேர்க்க வேண்டும். ஆஸ்திரேலியா 18 முதல் 30 வயதுக்குள் இருக்கும் இந்தியர்களுக்கு ஒரு வருஷம் வேலையும் பார்த்து ஊரும் சுற்ற விசா தருகிறது, குலுக்கல் முறையில் வருஷத்துக்கு 1,000 பேருக்கு. வகுப்பில் இரண்டு பேர் அதற்குக் காத்திருக்கிறார்கள். நல்ல வாய்ப்புதான். ஆனால் வங்காள விரிகுடாவின் அந்தக் கரையைப் பார்த்துவிட்டுத்தான் எனக்கு மற்றதெல்லாம்.

அம்மாவின் பயம் நியாயமானது. தனியாகப் போகும் பெண்ணுக்கு எங்கேயும் இருக்கிற பயம் அது, எனக்கும் இருக்கிறது. அதனால் ராத்திரியில் புது ஊரில் போய் இறங்குவதில்லை, முதல் இரண்டு இரவுக்கு அறை உறுதி செய்யாமல் கிளம்புவதில்லை என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன். அவர் தரப்பில் ஒரே நிபந்தனை, பி.எட். முடிக்க வேண்டும். "வந்து நிக்கிறப்ப கையில ஒரு தொழில் இருக்கணும்டி" என்றார். சரி என்றேன். எனக்கும் வாத்தியார் வேலை பிடிக்கும். கடாரத்தைப் பார்த்துவிட்டு வந்து அந்தப் பாடத்தை நடத்த ஆசை. பி.எட். இரண்டு வருஷம். ஆர்.டி. முடியவும் அதே இரண்டு வருஷம்தான் பாக்கி.