நுரைக் கூட்டுக்குக் கீழே ஓர் அப்பா

ஆண் ஃபைட்டர் மீன் தண்ணீர்ப் பரப்பில் குமிழ்களால் கட்டிய நுரைக் கூட்டிலிருந்து ஒரு குஞ்சு நழுவி விழுந்தது. காற்புள்ளி அளவுதான் இருக்கும். அடியில் போய்ச் சேரும் முன்பே அப்பா ஃபைட்டர் பாய்ந்து வந்து வாயில் கவ்வியது. மேலே போய்க் கூட்டுக்குள் மெதுவாக ஊதி வைத்தது.

அப்புறம் இன்னொன்று விழுந்தது. மறுபடியும் கீழே ஓடியது.

இன்று காலை டீ ஆறிப்போனதுகூடத் தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முட்டையிட்டதும் பெண் மீனை எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் ஆண் விரட்டி விரட்டிக் கடிக்கும். முட்டை பொரிய 24 முதல் 48 மணி நேரம். குஞ்சுகள் தாமாக நீந்த மேலும் இரண்டு மூன்று நாள். அதுவரை எல்லாமே அப்பாதான்.

இந்த மீனைத்தான் கடைகளில் உள்ளங்கை அளவு டப்பாவில் அடுக்கி வைக்கிறார்கள். மேலே வந்து காற்றைச் சுவாசிக்கும், அதனால் கொஞ்சம் தண்ணீர் போதுமாம். மூச்சு விடும், சரி. கழிவிலிருந்து வரும் அம்மோனியா என்ற விஷம் எங்கே போகும்?

சென்னையின் அலங்கார மீன் சந்தையான கொளத்தூருக்கு மீன் வாங்கக் கிளம்புகிறவர்களே, முதலில் தொட்டி. 20 லிட்டர், ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர் (பஞ்சு வடிகட்டி), கொஞ்சம் ஜாவா மாஸ் என்ற நீர்ப்பாசி. மீன் விடாமலே, குளோரின் போன தண்ணீரில் தினமும் ஒரு சிட்டிகை மீன் தீனி; அது அழுகி அம்மோனியா வரும். அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு அவ்வளவு தீங்கில்லாத நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா வளர 4 முதல் 6 வாரம் பிடிக்கும்.

அது வளரும் முன்பே மீனை விட்டுவிட்டு, செத்தால் "நம்ம வீட்டுக்கு மீன் ராசியில்லை" என்கிறோம். கேட்கவே வருத்தமாக இருக்கிறது.

தொட்டியை இந்த மாதம் வாங்குங்கள். மீன் அடுத்த மாதம் வரட்டும்.