கோழியின் உடலுக்குள் பறவைக் காய்ச்சல்

சிங்கப்பூரின் தேக்கா சந்தையில் கோழி வாங்கும்போதெல்லாம், மலேசியாவிலிருந்தும் பிரேசிலிலிருந்தும் வரும் இறைச்சியை இவ்வளவு நம்பியிருக்கும் நாம், அந்தப் பறவை நோயுற்றால் அதன் உடலில் என்ன நடக்கிறது என்பதைப் பற்றி அதிகம் பேசுவதில்லையே என்று வருந்துவேன்.

வீரியம் குறைந்த பறவைக் காய்ச்சல் வைரஸ் தொற்றினால், கோழிக்குச் சளி பிடிக்கும், இரை எடுப்பது குறையும், முட்டையிடுவது தளரும், பெரும்பாலும் அவ்வளவுதான். அவ்வகை வைரஸின் மேற்புறப் புரதத்தை வெட்டிச் செயல்பட வைக்கும் நொதிகள் முக்கியமாக மூச்சுப்பாதையிலும் குடலிலுமே இருப்பதால், தொற்று அங்கேயே அடங்கிவிடுகிறது. 1997இல் ஹாங்காங்கைக் கலங்கடித்த எச்5என்1 போன்ற கொடிய வகைகளிலோ, அந்த வெட்டுமிடம் மாறியிருப்பதால், உடலெங்கும் உள்ள நொதிகளே அவ்வேலையைச் செய்துவிடுகின்றன. வைரஸ் இரத்தக்குழாய்களின் உட்சுவர்வரை பரவுகிறது: கொண்டை கருநீலமாகிறது, முகம் வீங்குகிறது, செதில் மூடிய கால்களில் இரத்தக்கசிவு செந்திட்டுகளாகத் தெரிகிறது. சில கோழிகள் எந்த அறிகுறியும் காட்டாமலேயே இறந்துவிடுகின்றன.

அதே வைரஸைச் சுமக்கும் வாத்து பல நேரங்களில் நலமாக நீந்திக்கொண்டிருக்கும். உயிரணுவுக்குள் நுழைந்த வைரஸின் மரபுப்பொருளான ஆர்என்ஏவை இனங்கண்டு எச்சரிக்கும் ‘ரிக்-ஐ’ மரபணு வாத்துக்கு உண்டு, கோழிக்கு இல்லை என்று 2010இல் ஆய்வாளர்கள் காட்டினர். எனினும், எம்டிஏ5 என்ற வேறோர் உணரி கோழியில் அக்குறையை ஓரளவு ஈடுசெய்வதாலும், சில எச்5 வகைகள் வாத்துகளையும் கொல்வதாலும், அந்த ஒரு மரபணுவின்மீது முழுப் பழியையும் சுமத்துவது சரியன்று என்றே நான் கருதுகிறேன்.