அவர் எழுந்தால் அவை உட்காரும்

"சிவசண்முகம் பிள்ளை, கோபால மேனன், கிருஷ்ணா ராவ், செல்லப்பாண்டியன், ஆதித்தனார்..."

குரூப் 4 தேர்வுக்குப் படிக்கும் அக்கா மகள் சட்டப்பேரவைத் தலைவர்கள் பட்டியலை ஒரே மூச்சில் ஒப்பித்துக்கொண்டிருந்தாள். முதல் பெயரிலேயே நிறுத்தச் சொன்னேன். அதை அப்படி ஓடிக் கடக்க எனக்கு மனசு வரவில்லை.

ஜெ. சிவசண்முகம் பிள்ளை. 1937இல் சென்னையின் முதல் தலித் மேயர். 1946இல் சென்னை மாகாணப் பேரவைத் தலைவர். மாகாணத்தின் இந்துக் கோயில்களுக்குள் ஒடுக்கப்பட்டவர்களும் உரிமையோடு போகலாம் என்ற சட்டமே 1947இல்தான் வந்தது.

அவையில் ஒரு மரபு உண்டு. பேரவைத் தலைவர் எழுந்து நின்றால், முதலமைச்சர் உட்பட எல்லோரும் உட்கார்ந்துவிட வேண்டும்.

பிரகாசம், ஓமந்தூரார், குமாரசாமி ராஜா, ராஜாஜி, காமராஜர் என ஐந்து முதல்வர்கள் காலத்தில் அந்த நாற்காலியில் இருந்தவர் அவர். எத்தனை முறை எழுந்திருப்பார்! கோயில் வாசலில் அவரது மக்களைத் தடுத்தவர்களின் ஊரிலிருந்து வந்தவர்களும் அந்த அவையில் இருந்திருப்பார்கள்தானே?

1955இல் அவர் விலகினார். அடுத்த தலித் பேரவைத் தலைவராக ப. தனபால் வந்தது 2012இல்.

"நடுவுல 57 வருஷமா?" என்றாள். ஆமாம், 57 வருஷம். அதை எந்த வினாத்தாளும் கேட்பதில்லை, கேட்க வேண்டும்.