டெல்லிக் குளிரில் பிள்ளைகளை எத்தனை தடவை குளிப்பாட்டுவது?

எங்கள் வீட்டில் குளிர்காலத்தில் பிள்ளைகளுக்குச் சோப்புப் போட்ட முழுக் குளியல் வாரத்துக்கு இரண்டு தடவை, மிஞ்சினால் மூன்று. டெல்லி மயூர் விஹாரில் நம் தமிழர்கள் நாலு பேர் கூடுகிற இடத்தில் இதைச் சொன்னால் பேச்சு சட்டென்று நின்றுவிடும். கூழானாலும் குளித்துக் குடி என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். குளிக்காமல் அடுப்படிப் பக்கம் வராதே என்று அதட்டிய பாட்டிகள் இருந்த வீடுகள் நம்முடையவை. திருநெல்வேலியிலிருந்து என் மாமியார் போன் செய்தால் முதல் கேள்வியே, "மாப்ள, புள்ளைங்களக் குளிப்பாட்டியாச்சா?" என்பதுதான். சாப்பிட்டார்களா என்பது அதற்கப்புறம்.

அத்தை கேட்பதில் நியாயம் இருக்கிறது. அவர் ஊரில் மார்கழியில்கூட மதியம் வேர்க்கும். விளையாடிவிட்டு வருகிற பிள்ளையின் கழுத்தைத் தேய்த்தால் அழுக்கு திரியும், நாலு சொம்பு தண்ணீர் ஊற்றினால்தான் அதுவும் நன்றாகத் தூங்கும். குழாய்த் தண்ணீரே இதமாக இருக்கும். டெல்லி ஜனவரியில் இதில் ஒன்றுகூடக் கிடையாது. ராத்திரி 5, 6 டிகிரி, சில நாள் அதற்கும் கீழே. பனிமூட்டம் விலகாத நாளில் பகலிலும் 15 டிகிரியைத் தாண்டாது. பனியன், ஸ்வெட்டர், ஜாக்கெட், குல்லா எல்லாம் போட்டுக்கொண்டு திரிகிற பிள்ளைக்கு அவ்வளவாக வேர்ப்பதும் இல்லை, ராத்திரி ஹீட்டர் ஓடுகிற அறையிலோ காற்று காய்ந்து கிடக்கிறது. ஊரின் வேர்வைக்கு ஏற்பட்ட வழக்கத்தை அப்படியே இங்கே கொண்டுவந்து நடத்தினால் அடி வாங்குவது பிள்ளையின் தோல்தான்.

குழந்தையின் தோலில் மேல் படலம் நம்முடையதைவிட மெல்லியது. ஈரத்தை வேகமாக வாங்கும், வேகமாக விட்டும்விடும். அந்தப் படலத்தில் இருக்கிற கொழுப்புதான் உள்ளே ஈரத்தைப் பிடித்து வைக்கிறது. சூடான தண்ணீர் அதைக் கரைக்கும், சோப்பு மிச்சத்தையும் எடுத்துக்கொண்டு போகும். ஆரோக்கியமான தோல் லேசான அமிலத்தன்மையோடு, பிஎச் 5 சுமாரில் இருக்கும். சாதாரணக் குளியல் சோப்பின் பிஎச் 9, 10, அதாவது காரத்தன்மை. தோல் மறுபடி தன் நிலைக்கு வர நேரம் எடுக்கும், அதற்குள் மறுநாள் காலை வந்துவிடுகிறது, மறுபடி சோப்பு.

இதோடு போர்வெல் தண்ணீரும் சேர்ந்துகொள்கிறது. வாளியில் போட்டுத் தண்ணீர் காய வைக்கிற ராடை எடுத்துப் பாருங்கள். வாங்கிக் கொஞ்ச நாளிலேயே அதன் மேல் வெள்ளையாகச் சுண்ணாம்பு ஏறி, நகத்தால் சுரண்டினால் செதில் செதிலாக உதிரும். அந்தத் தண்ணீரில் சோப்பு சரியாக நுரைக்காது, நுரைக்கவில்லை என்று நாம் இன்னும் கொஞ்சம் போடுவோம், தண்ணீரில் இருக்கிற கால்சியமும் சோப்பும் கூடி வெண்மையாக ஒரு கசடு உண்டாகும். வாளி ஓரத்தில் வளையமாக ஒட்டுவது அதுதான். பிள்ளையின் உடம்பிலும் அது ஒட்டும், எத்தனை சொம்பு ஊற்றினாலும் முழுதாகப் போகாது.

தோல் காய்ந்திருக்கிறதா என்று பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. முழங்காலுக்குக் கீழே, கெண்டைக்கால் பக்கம் இல்லை, முன்னால் எலும்பு தட்டுகிற பக்கம், அங்கே நகத்தால் மெதுவாக ஒரு கோடு இழுங்கள். சிலேட்டில் எழுதியதுபோல் வெள்ளைக் கோடு நின்றால் தோல் காய்ந்துவிட்டது. இன்னும் முற்றிப்போனால் அதே இடம் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரிந்து வெடித்துத் தெரியும், பிள்ளை தூக்கத்தில் ஒரு காலால் இன்னொரு காலைத் தேய்த்துக்கொண்டே இருக்கும். இதைப் பார்த்துவிட்டு, சரியாகத் தேய்த்துக் குளிப்பாட்டவில்லை போலிருக்கிறது என்று நினைத்து நார் போட்டுத் தேய்க்கிறவர்களும் இருக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

மருத்துவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்த்தால், அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் அமைப்பான அமெரிக்கன் அகாடமி ஆஃப் பீடியாட்ரிக்ஸ் முதல் வயதில் வாரத்துக்கு 3 குளியல் போதும் என்கிறது. அங்கேயே தோல் மருத்துவர்களின் அகாடமி 6 முதல் 11 வயதுப் பிள்ளைகளுக்கு வாரத்துக்கு ஒரு தடவை, இரண்டு தடவையாவது குளியல் வேண்டும் என்கிறது. சேற்றில் ஆடினாலோ, நீச்சல் குளத்தில் இறங்கினாலோ, வேர்த்தாலோ அன்றைக்குக் குளிக்க வேண்டும், பூப்புப் பருவம் வந்த பிறகு தினமும். இது அந்த ஊர்க் கணக்கு. நம் மே மாதத்துக்கு இது எந்த விதத்திலும் ஆகாது, ஆனால் டெல்லியின் டிசம்பரும் ஜனவரியும் இந்தக் கணக்கோடு நன்றாகவே பொருந்துகின்றன.

முழுக் குளியல் இல்லாத நாளில் பிள்ளையை அப்படியே விட்டுவிடுவது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அன்றைக்கும் தண்ணீர் பட்டே ஆக வேண்டிய இடங்கள் இருக்கின்றன, அவற்றில் நான் கறாராக இருக்கிறேன். கைக்குழந்தை என்றால் கழுத்து மடிப்பு. குடித்த பால் வழிந்து அந்த மடிப்புக்குள் போய்ப் புளித்து உட்கார்ந்திருக்கும், தாடையைத் தூக்கி மடிப்பை விரித்தால்தான் தெரியும், இரண்டு நாள் கவனிக்காவிட்டால் சிவந்து புண்ணாகிவிடும். வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த மெல்லிய பருத்தித் துணியால் துடைத்து, ஈரம் இல்லாமல் ஒற்றி எடுக்க வேண்டும். அக்குள், தொடை இடுக்கு, காதுக்குப் பின்னால், விரல் இடுக்கு, டயப்பர் கட்டுகிற இடம், இவை தினமும். கொஞ்சம் பெரிய பிள்ளைகள் பார்க்கிலிருந்து வந்ததும் முகம், கை, கால். நவம்பர் புகைமூட்டத்தில் வெளியே போய்வந்த பிள்ளையின் மூக்கைத் துடைத்தால் கைக்குட்டை கறுத்துப் போகும், அந்த நாட்களில் முகம் கழுவாமல் படுக்கவிடக் கூடாது. கைக்குச் சோப்பு தினமும் பல தடவை, அதில் குளிர்காலம் வெயில்காலம் கிடையாது. வயிற்றுப்போக்கும் சளியும் கை வழியாகப் பரவும், முதுகு வழியாக இல்லை.

குளிர்காலத்துக் குளியலை எப்போது வைத்துக்கொள்வது என்பதும் முக்கியம். பள்ளிக்கு அனுப்பும் அவசரத்தில் காலை ஆறரை மணிக்கு நடுங்க நடுங்கக் குளிப்பாட்டுவதில் எனக்கு உடன்பாடே இல்லை. விடுமுறை நாளில் பன்னிரண்டு மணி வெயில் பால்கனியில் விழும்போது குளிப்பாட்டி, அந்த வெயிலிலேயே துவட்டி விடலாம். பள்ளி நாளில் சாயங்காலம். மாலையில் குளித்தால் சளி பிடிக்கும் என்று நம் பக்கத்தில் பயம் இருக்கிறது. சளி வைரஸால் வருகிறது, தண்ணீரால் இல்லை. குளித்த பிறகு ஈரத் தலையோடு குளிரில் நிற்கவிடாமல் துவட்டினால் போதும். ஐந்து நிமிடம், அதிகம் போனால் பத்து நிமிடம், முழங்கையை விட்டுப் பார்த்தால் சூடும் தெரியாமல் குளிரும் தெரியாமல் இருக்கிற தண்ணீர். சோப்பு வேர்க்கிற, அழுக்காகிற இடங்களுக்கு மட்டும். கை, கால், முதுகுக்கு வெறும் தண்ணீரே போதும். தலைக்கு வாரத்தில் இரண்டு நாள்.

துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுத்த கையோடு, உடம்பில் ஈரப்பதம் இருக்கும்போதே தேங்காய் எண்ணெயோ வாசனை சேர்க்காத மாய்ஸ்சரைசரோ தடவ வேண்டும். நாம் ஊரில் எண்ணெய் தேய்த்து ஊறவைத்து அப்புறம் சீயக்காயாலோ பயத்தமாவாலோ அதை எடுத்துவிடுவோம். டெல்லிக் குளிரில் குளித்த பிறகு பூசுகிற எண்ணெய்தான் உதவும். டிசம்பரில் தேங்காய் எண்ணெய் பாட்டிலோடு உறைந்து கிடக்கும், வெந்நீர்ச் சொம்பில் கொஞ்ச நேரம் நிறுத்தினால் இளகிவிடும். மாலிஷ் செய்ய வருகிற அம்மாக்கள் கடுகு எண்ணெயைத்தான் உயர்த்திச் சொல்வார்கள். அதன் காரம் மெல்லிய தோலுக்கு எரிச்சல் தரும், தோலின் காப்பையும் அது குறைக்கக்கூடும் என்பதால் கைக்குழந்தைக்கு நான் வேண்டாம் என்பேன். பூனைமுடி உதிர மாவு உருட்டித் தேய்ப்பதும் வேண்டாம், அது தானாகவே உதிர்கிற முடி.

கரப்பான் (எக்ஸிமா) என்கிற தோல் நோய் உள்ள பிள்ளைகள் தனி. அவர்களுக்கு டாக்டர் தினமும் குளிப்பாட்டச் சொல்லலாம், அது முரண்பாடு இல்லை. குறைந்த நேரம், சோப்பு இல்லாத வாஷ், வெளியே வந்த சில நிமிடங்களுக்குள் களிம்பு என்று எல்லாம் ஒரே முறையாகச் செய்யும்போது குளியல் தோலுக்குள் ஈரத்தைக் கொண்டு போகிறது. களிம்பை விட்டுவிட்டுக் குளியலை மட்டும் பிடித்துக்கொண்டால் நிலைமை மோசமாகும். தோல் வெடித்து நீர் வடிந்தாலோ மஞ்சளாகப் பொருக்கு கட்டினாலோ வீட்டு வைத்தியத்தில் நேரம் கடத்தாமல் காட்டிவிடுங்கள்.

பிறந்த குழந்தையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பிரசவத்துக்கு ஊரிலிருந்து பெரியவர்கள் வந்து இறங்கியதும் சண்டை தொடங்குவது இங்கேதான். பிறந்து 24 மணி நேரமாவது ஆகட்டும், அப்புறம் குளிப்பாட்டலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. உடம்பில் வெள்ளையாக மெழுகு பூசியதுபோல் இருப்பது அழுக்கில்லை. அது சூட்டைக் காக்கும், கிருமியைத் தடுக்கும், துடைத்து எடுக்க வேண்டாம். தொப்புள்கொடி காய்ந்து விழும்வரை ஈரத்துணியால் துடைப்பதே போதும். காலை நீட்டி உட்கார்ந்து, குழந்தையைக் கெண்டைக்காலின் மேல் கிடத்தி, ஒரு கையால் முகத்துக்குத் தண்ணீர் போகாமல் மறைத்துக்கொண்டு ஊற்றுகிற நம் பாட்டிகளின் கைப்பக்குவம் அருமையானது, எந்தப் பிளாஸ்டிக் டப்பும் அதற்கு ஈடில்லை. அதை வைத்துக்கொள்வோம். மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவது, மூக்கில் ஊதுவது, மார்பைப் பிதுக்கிப் பால் எடுப்பது, மூடிய அறையில் சாம்பிராணிப் புகை காட்டுவது, முகத்துக்கு நேரே பவுடர் கொட்டுவது, இவற்றை விட்டுவிடுவோம். மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் நிமோனியா வரும். ஏற்கெனவே டெல்லிக் காற்றைச் சுவாசிக்கிற குழந்தைக்கு வீட்டுப் புகை வேறு எதற்கு?

ஏப்ரல் பிறந்ததும் இந்தக் கணக்கு முழுவதும் மாறும். மே, ஜூனில் 45 டிகிரி, அப்புறம் மழைக்காலத்துப் புழுக்கம். அப்போது தினமும் குளியல், பிசுபிசுப்பான நாளில் இரண்டு வேளைகூட. ஒரு வேளைக்கு மட்டும் சோப்பு, இன்னொன்று வெறும் தண்ணீர். வேர்க்குருவுக்குக் குளிர்ந்த தண்ணீரும் மெல்லிய பருத்திச் சட்டையும் போதும், பவுடரை அப்பி வேர்வைத் துவாரத்தை அடைக்காதீர்கள். ஒரு எச்சரிக்கை: மொட்டைமாடித் தொட்டியிலிருந்து மதியம் வருகிற தண்ணீர் பெரியவர்கள் கையே பொறுக்காத அளவுக்குக் கொதிக்கும், கைவைத்துப் பார்க்காமல் பிள்ளையைக் குழாயடியில் நிறுத்தக் கூடாது.

காய்ச்சலில் குளிப்பாட்டலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். பிள்ளை சோர்ந்து கிடந்தால் துடைத்துவிடுங்கள், விளையாடிக்கொண்டு இருந்தால் வெதுவெதுப்பான குளியலால் எந்தக் கெடுதலும் இல்லை. சின்னம்மை வந்தால் தண்ணீர் ஊற்றும் நாள்வரை குளியல் கூடாது என்பது நம் வழக்கம். இந்த வழக்கத்தின் மேல் எனக்கு மரியாதை உண்டு, ஆனால் அரிப்பில் தவிக்கிற பிள்ளைக்கு இதமான தண்ணீரில் சின்னக் குளியல் ஆறுதல் தரும், கொப்புளம் உடையாமல் ஒற்றித் துடைத்து, நகத்தை வெட்டி வைத்தால் சரி. வேப்பிலைத் தண்ணீரை அதற்குரிய நாளில் ஊற்றிக்கொள்ளலாம்.

குளியலறையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இதில் உயிர் போகிறது. கேஸ் கீசர் குளியலறைக்குள் இருந்து, குளிருக்காக ஜன்னலையும் அடைத்துவிட்டால் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு சேரும். நிறம் இல்லை, வாசனை இல்லை, மயக்கம் வந்த பிறகுதான் தெரியும். வட இந்தியாவில் ஒவ்வொரு குளிர்காலத்திலும் இந்தச் செய்தி வருகிறது. கீசரைக் குளியலறைக்கு வெளியே காற்றோட்டமான இடத்தில் மாட்டச் சொல்லுங்கள், இல்லையென்றால் வாளியில் பிடித்துக்கொண்டு அதை அணைத்த பிறகு பிள்ளையை உள்ளே கூட்டிப் போங்கள். ராட் போட்ட வாளி இருக்கிற அறைக்குள் தவழும் பிள்ளை போகவே கூடாது. வெந்நீருக்கு முன்னால் பச்சைத் தண்ணீரை வாளியில் ஊற்றுங்கள். போன் அடிக்கிறது என்று பிள்ளையை டப்பில் விட்டுவிட்டு எழுந்து போகாதீர்கள், ஒரு சாண் தண்ணீர்கூட வேண்டாம், அதில் பாதி போதும் மூழ்குவதற்கு.

பொங்கலுக்கு ஊருக்குப் போகிறவர்கள் இதையெல்லாம் டெல்லியிலேயே விட்டுவிட்டு வண்டி ஏறலாம். சென்னையில் இறங்கும்போதே பிள்ளைக்கு முதுகு நசநசக்க ஆரம்பித்துவிடும். அங்கே இருக்கிற நாள் முழுக்கத் தினமும் குளிப்பாட்டுங்கள், பாட்டி ஆசைப்பட்டால் சனிக்கிழமை எண்ணெய்க் குளியலும் நடக்கட்டும். திரும்பி வந்து இரண்டு மூன்று நாளில் முழங்காலுக்குக் கீழே மறுபடி நகத்தால் கோடு இழுத்துப் பார்த்துவிட்டு, இங்கத்திய கணக்குக்கு மாறிக்கொள்ளுங்கள்.