காலிங்கா குடி: மண்முனையிலிருந்து கலிங்கம் வரை

மட்டக்களப்பில் மண்முனைப் பாலம் தாண்டினால், வாவியின் மேற்குக் கரையான படுவான்கரை. 2014இல் பாலம் திறக்கும்வரை இவ்விடத்தில் வாவியைக் கடக்க, ‘பாதை’ எனப்படும் மிதவையில்தான் ஏற வேண்டும். இப்போது சில நிமிடங்களில் அக்கரை சேர்ந்துவிடலாம். வயல்களுக்கு நடுவே கொக்கட்டிச்சோலை தான்தோன்றீஸ்வரர் கோயில். போர்த்துக்கேயர் முன்னால் கல் நந்தி புல் தின்றது என்ற கதையை இங்கே யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

வெளிவீதி மரநிழலில் இருந்த பெரியவர் ஊர் விசாரித்தார். வவுனியா என்றேன். அடுத்த கேள்வி, “என்ன குடி மனே?” எங்கள் பக்கம் அப்படியொன்று இல்லை என்றதும், “நாங்க காலிங்கா குடி” என்றார். அந்தக் குரலில் இருந்த பெருமிதம் எனக்கு மிகவும் பிடித்தது.

குடி என்பது தாய்வழியாக வரும் குலம். பெயருக்கு முன்னால் போடும் எழுத்து அப்பாவுடையது, குடியோ அம்மாவுடையது. அடையாள அட்டையில் அது இருக்காது. ஆனால் ஒரே குடிக்குள் கல்யாணம் கிடையாது, கோயில் உரிமையும் திருவிழா முறையும் குடியை வைத்துத்தான். அக்கரைப்பற்று முஸ்லிம்களிடமும் தாய்வழிக் குடிகள் உண்டு.

சரி, இன்றைய ஒடிசாப் பக்கத்துக் கலிங்கம் எங்கே, மட்டக்களப்பு எங்கே? எஃப். எக்ஸ். சி. நடராசா 1962இல் பதிப்பித்த ‘மட்டக்களப்பு மான்மியம்’, உலகநாச்சி என்ற கலிங்க இளவரசி மண்முனையை ஆண்டதாகச் சொல்கிறது. குடிகளுக்கு முறை வகுத்தவனாக மாகோனையும் சொல்கிறது. 1215இல் பொலன்னறுவையைப் பிடித்த கலிங்க மாகன் இவன்தான் என்பார்கள். அவனுக்கு முன்பே அங்கே அரசாண்ட நிசங்கமல்லன் (1187–1196), தான் கலிங்கத்துச் சிங்கபுரத்தில் பிறந்தவன் என்று கல்லில் வெட்டிவைத்தான். வரும் வழியில் பொலன்னறுவையில் இறங்கி, அவன் கட்டிய லதா மண்டபத்தைப் பார்த்திருந்தேன். தாமரைத் தண்டு போல வளைந்து வளைந்து நிற்கும் கருங்கல் தூண்கள்! கலிங்கம் என்ற பெயரோடு சேர்ந்தவற்றில் இந்தத் தீவில் இதைவிட அழகான ஒன்றை நான் பார்த்ததில்லை.

தமிழிலக்கியம் படித்தவர்களுக்குக் கலிங்கம் என்றால் செயங்கொண்டாரின் பரணிதான். முதலாம் குலோத்துங்கனின் தளபதி கருணாகரத் தொண்டைமான் பெற்ற வெற்றியைப் பாடியது. தோற்றவர்களின் பெயர் அது. அதற்கும் பல நூற்றாண்டு முன்னால் அசோகனின் படையெடுப்பு. ஒரு லட்சம் பேர் மாண்டதாக அவனே வருந்தி எழுதிய 13ஆம் பாறைச் சாசனம், கலிங்கத்திலேயே இருக்கும் தௌலி, ஜௌகடா பாறைகளில் வெட்டப்படவில்லை. அந்த மக்களிடம் அதைச் சொல்ல அவனுக்கு மனம் வரவில்லை என்றே நான் நினைக்கிறேன்.

மான்மியக் கதைகளில் எது வரலாறு, எது ஐதீகம் என்று பிரிப்பது அறிஞர்கள் வேலை. என்னை ஈர்த்தது அந்தப் பெயர் கைமாறும் விதம்.

“உங்கட புள்ளையளும் காலிங்காவா ஐயா?”

“இல்ல மனே. அவங்கட தாய் படையாட்சி குடி. என்ட தங்கச்சிட புள்ளையள்தான் காலிங்கா.”

போகிறவர்கள் தேர்த்திருவிழாக் காலம் பார்த்துப் போங்கள். குடிகள் முறைப்படி வந்து நிற்பதை அப்போதுதான் நேரில் பார்க்கலாம்.