ஒரு பாடம் எத்தனை எம்.பி.?

2020 மார்ச் 15 இரவு தென்னாப்பிரிக்க ஜனாதிபதி சிரில் ராமபோசா தொலைக்காட்சியில் பேசினார். 18ஆம் தேதி முதல் பள்ளிகள் மூடல் என்றார். 26ஆம் தேதி நள்ளிரவோடு ஊரடங்கும் வந்துவிட்டது. நான் டர்பனில் மென்பொருள் வேலை பார்க்கிறேன். ஏப்ரல் முதல் வாரத்தில், கோயிலில் பழக்கமான அக்கா ஒருவர் டர்பனின் புறநகரான சாட்ஸ்வொர்த்திலிருந்து போன் செய்தார். நான்காம் வகுப்புக்குக் கணக்கு எடுப்பவர். "தம்பி, இந்த ஆன்லைன் கிளாஸை எங்கேயிருந்து ஆரம்பிக்கிறது? எங்க ஸ்கூல்ல யாருக்கும் பிடிபடல" என்றார். அவர் பேசியது ஆங்கிலம்தான், அதில் 'தம்பி' மட்டும் தமிழ். 1860இல் கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறி வந்தவர்களின் பேத்திக்குப் பேத்தி அவர். தம்பி என்று கூப்பிட்ட பிறகு எப்படி முடியாது என்பது?

நான்கு பேர் சேர்ந்தோம். மென்பொருள்காரர்கள் இரண்டு பேர், கல்லூரியில் ஏற்கெனவே ஆன்லைனில் பாடம் நடத்திய ஒரு தோழி, ஓய்வுபெற்ற பள்ளி ஆய்வாளர் ஐயா ஒருவர். எதிரே பதினோரு ஆசிரியைகள். சம்பளம், பதவி எதுவும் கிடையாது. மாலை ஏழு மணிக்கு மேல் யார் கூப்பிட்டாலும் எடுப்போம் என்பதுதான் ஏற்பாடு.

முதலில் நான் செய்தது தப்பு. வீடியோ வகுப்புக்கு எல்லாம் தயார் செய்து, லிங்க் அனுப்பி, அக்காவுக்கு இரண்டு நாள் பயிற்சியும் கொடுத்தேன். வகுப்பில் 38 பிள்ளைகள். வந்தது ஆறு பேர், அதிலும் இரண்டு பேர் பாதியிலேயே காணாமல் போனார்கள். லிங்க்கில்தான் ஏதோ கோளாறு என்று தேடிக்கொண்டிருந்தேன். அக்கா கேட்டது வேறு. "இது எவ்வளவு டேட்டா சாப்பிட்டுச்சு, தம்பி?"

அதை நான் பார்க்கவே இல்லை. பார்த்தால், நாற்பது நிமிடத்துக்குக் கிட்டத்தட்ட 400 எம்.பி. போயிருந்தது. பெரிய போன் நிறுவனங்களில் 149 ராண்டாக (ராண்ட் இந்த நாட்டு நாணயம்) இருந்த ஒரு ஜி.பி., அந்த ஏப்ரலில்தான் 99 ராண்டுக்கு இறங்கியிருந்தது. இரண்டரை வகுப்பு நடந்தால் அந்த ஒரு ஜி.பி.யும் தீர்ந்துவிடும். சாட்ஸ்வொர்த்தில் பல வீடுகளில் டேட்டாவை அன்றாடம் ஐந்து ராண்ட், பத்து ராண்ட் என்றுதான் வாங்குகிறார்கள். ஊரடங்கில் கூலியும் நின்றுபோயிருந்தது.

அதோடு வீடியோவை விட்டோம். ஐயா சொன்னபடி, ஆசிரியைகள் வீடு வீடாகப் போன் செய்து ஒரு நோட்டில் எழுதினார்கள்: என்ன போன், யாருடையது, எந்த நேரத்தில் வீட்டில் இருக்கும். இந்தக் கடைசிக் கேள்விதான் எங்களுக்குக் கண்ணைத் திறந்தது. பெரும்பாலான வீடுகளில் இருப்பது ஒரே ஸ்மார்ட்போன். அம்மா ஆஸ்பத்திரிக்கோ சூப்பர் மார்க்கெட் கல்லாவுக்கோ போகும்போது அதுவும் கூடவே போய்விடும். திரும்பி வரும்போது மாலை ஆறு தாண்டிவிடும். காலை ஒன்பது மணிக்கு வகுப்பு வைத்தால் பிள்ளை எதில் பார்ப்பது?

அப்புறம் அளக்க ஆரம்பித்தோம். வாட்ஸ்அப்பில் மூன்று நிமிடக் குரல் பதிவு அரை எம்.பி.யைத் தாண்டவில்லை. நோட்டுப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பினால் 150 கே.பி. அளவு. ஒரு குரல் பதிவு, இரண்டு படம், எல்லாம் சேர்ந்து ஒரு எம்.பி.க்குள் ஒரு பாடம் என்று முடிவு செய்தோம். அது எப்போது வேண்டுமானாலும் போய்ச் சேரும், அம்மா வேலை முடிந்து வந்த பிறகு பிள்ளை கேட்டுக்கொள்ளும்.

மூன்று நிமிடத்துக்குள் பின்னம் சொல்லிக்கொடுப்பது லேசான காரியம் இல்லை. அக்கா வீட்டில் சத்தம் என்று, கராஜில் நின்ற காருக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்து பதிவு செய்தார். முதல் பதிவு பதினொரு நிமிடம் வந்தது. "ஒரு பதிவுக்கு ஒரு விஷயம் போதும். கடைசியில் 'புரிஞ்சுதா'ன்னு கேட்காதீங்க, கையால் செய்யுற மாதிரி ஏதாவது ஒண்ணு கொடுங்க" என்றார் ஐயா. அக்கா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு பன்னி சௌவை எடுத்தார். ரொட்டியைக் குடைந்து உள்ளே கறிக்குழம்போ பீன்ஸ் குழம்போ ஊற்றித் தருவதற்கு டர்பனில் அதுதான் பெயர். கடையில் கேட்பதே "குவார்ட்டர்", "ஹாஃப்" என்றுதான். முழு ரொட்டியில் நாலில் ஒரு பங்கு, இரண்டில் ஒரு பங்கு! அந்தச் சமயம் சூடான சமைத்த உணவை விற்கவே தடை இருந்தது, ஊரில் எந்தக் கடையிலும் பன்னி கிடையாது.

"உங்க வீட்டில ரொட்டி இருந்தா அம்மாகிட்ட கேட்டு அதுமேல விரலால கோடு போடு, வெட்ட வேண்டாம். நாலு குவார்ட்டர் சேர்ந்தா எத்தனை ஹாஃப்?" அவ்வளவுதான் பாடம். அன்று இரவு இருபத்தேழு பதில்கள் வந்தன. ஒரு பையன் குக்கர் விசில் நடுவே, "மேம், ரெண்டு குவார்ட்டரும் ஒரு ஹாஃபும் ஒண்ணுதான், ஆனா கடையில ரெண்டு குவார்ட்டருக்குக் காசு அதிகம்" என்று சொல்லியிருந்தான். அந்தப் பதிவை அக்கா எனக்கு அனுப்பிவிட்டு உடனே போனும் செய்தார். எனக்கும் தொண்டை அடைத்துக்கொண்டது.

வகுப்பில் ஜூலு பேசும் பிள்ளைகளும் நிறைய. அதே பாடத்தை இன்னொரு ஆசிரியை ஜூலுவில் பதிவு செய்து கொடுத்தார். பள்ளிக்கூடத்திலேயே இப்படி இரண்டு மொழியில் கிடைத்ததில்லை என்று ஒரு அம்மா சொன்னாராம். ஸ்மார்ட்போனே இல்லாத ஐந்து பிள்ளைகளுக்குத் தாள்களை அச்சடித்து, தெருமுனை டீ ரூமில் கொடுத்துவைத்தோம். இங்கே டீ ரூம் என்றால் பெட்டிக்கடை. ரொட்டி, பால் வாங்க வருகிறவர்களிடம் கடைக்காரர் தாளையும் சேர்த்துக் கொடுத்தார்.

பாடத்தைவிட ஆசிரியைகளைக் காப்பாற்றுவதுதான் பெரிய வேலையாகப் போயிற்று. வீட்டுப்பாடப் படங்கள் குவிந்து போன் நிரம்பிவிடும். இரவு பதினொன்றரைக்குப் பெற்றோரிடமிருந்து செய்தி வரும். ஒரு ஆசிரியை அழுதேவிட்டார். படங்கள் தானாக இறங்காதபடி நிறுத்தினோம், லேப்டாப்பில் வாட்ஸ்அப் வெப் வைத்துத் திருத்தக் கற்றுக்கொடுத்தோம், குழுவில் அட்மின் மட்டும் எழுதும்படி மாற்றினோம். இரவு எட்டுக்கு மேல் பதில் இல்லை என்று பெற்றோருக்கு நாங்களே எழுதிக் கொடுத்தோம். இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும்.

டேட்டா கழியாத கல்வித் தளங்கள் என்று ஒரு பட்டியலும் வந்தது. நல்ல ஏற்பாடுதான், ஆனால் தளத்துக்குள் இருக்கும் வீடியோ வேறு இடத்திலிருந்து வந்தால் டேட்டா ஓடிவிடும். அதனால் ஒவ்வொன்றையும் நாங்களே திறந்து பார்த்துவிட்டுத்தான் ஆசிரியைகளுக்குச் சொன்னோம். அரசு ஒளிபரப்பான எஸ்.ஏ.பி.சி. தொலைக்காட்சியில் வந்த பாடங்களின் நேரத்தைத் தாளில் எழுதி அனுப்பியதும் பல வீடுகளில் உதவியது.

ஜூன் 8ஆம் தேதி ஏழாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் திரும்பின. ஜூலையில் மின்வெட்டு மறுபடி தொடங்கியது. கூடவே தொற்றும் ஏற, 27ஆம் தேதியிலிருந்து நான்கு வாரத்துக்குப் பள்ளிகளை மீண்டும் மூடினார்கள். நான் அக்காவைக் கூப்பிட்டு, "என்ன உதவி வேணும்கா?" என்றேன். அவர் ஏற்கெனவே நான்கு வாரத்துக்கும் அட்டவணை போட்டு வைத்திருந்தார். நாள், பாடம், கரண்ட் போகும் நேரம். அட்டவணையின் கடைசிக் கட்டத்தில் ஒவ்வொரு பாடத்துக்கும் நேரே பென்சிலில் எழுதியிருந்தார்: 0.7 எம்.பி., 0.6 எம்.பி., 0.9 எம்.பி.