பிள்ளைகள் தடுக்கி நின்ற இடங்கள்

வடசென்னையில் நான் தமிழ் கற்பிக்கும் பள்ளியில், ஏழாம் வகுப்புப் பாடவேளை என்றால் ஒருவர் எழுந்து நின்று பத்தியை உரக்கப் படிக்க, மற்றவர்கள் விரல் வைத்துத் தொடர்வதுதான் நெடுநாள் வழக்கம். நன்றாகப் படிக்கும் நான்கைந்து பிள்ளைகளே திரும்பத் திரும்பப் படிப்பார்கள். திணறுகிறவர்கள் தங்கள் முறை நெருங்கும் நேரம் பார்த்துத் தண்ணீர் குடிக்கப் போய்விடுவார்கள். சென்ற கல்வியாண்டில் இதை மாற்ற நினைத்தபோது நான் தேடிப் போனது செயலிகளை. மிகுதியாக உதவியதோ கைப்பேசி வாங்கும்போதே அதில் இருக்கும் ஒலிப்பதிவு வசதி.

செய்தது எளியதுதான். ஒவ்வொரு மாணவரும் தாழ்வாரத்தின் கோடியில் தனியாக அமர்ந்து ஒரு பத்தியைப் படித்துப் பதிவு செய்ய வேண்டும். அதைத் தாமே கேட்க வேண்டும். மனநிறைவு இல்லையென்றால் அழித்துவிட்டு மீண்டும் படிக்கலாம். கடைசிப் பதிவு மட்டுமே என்னிடம் வரும். மாலையில் வியாசர்பாடி ஜீவா நிலையத்தில் ரயில் ஏறி அம்பத்தூர் வரும் வரை அவற்றைக் கேட்பேன். கேட்டுக் குறிப்பெடுத்ததும் அழித்துவிடுவேன். பிள்ளைகளின் குரல் எவருடைய கைப்பேசியிலும் தங்கிவிடக் கூடாது என்பதில் நான் சற்றுப் பிடிவாதக்காரன்.

பழைய முறையில் எனக்குப் பிடிபடாத ஒன்று அந்த ரயில் பயணங்களில் புலப்பட்டது. அருஞ்சொற்களில் பிள்ளைகள் அவ்வளவாகத் தடுக்கவில்லை. சேர்ந்து நீண்ட சொற்களில்தான் தடுக்கினார்கள். ‘சென்று’, ‘கொண்டு’, ‘இருந்தவர்’ என்று தனித்தனியே தந்தால் தயங்காமல் படிக்கும் ஒரு மாணவன், ‘சென்றுகொண்டிருந்தவர்களுக்கெல்லாம்’ என்ற இடத்தில் மூச்சு முட்டி நின்றான். அதை எழுத்தறியாமை என்றே இத்தனை நாளும் எண்ணியிருந்தேன். தொடக்க வகுப்புப் பிள்ளைகளின் எழுத்தறிவுக்காக ஒன்றிய அரசின் நிபுன் பாரத் திட்டம் 2021இல் தொடங்கியபோது, மூன்றாம் வகுப்பு முடிவதற்குள் நிமிடத்திற்குக் குறைந்தது 60 சொற்களைப் பொருளுணர்ந்து படிக்க வேண்டும் என்று இலக்கு வைத்தார்கள். ஆங்கிலத்தில் நான்கைந்து சொற்களாகப் பிரிந்து நிற்பதைத் தமிழ் ஒரே சொல்லில் சுமக்கும்போது, அந்த 60 என்ற எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு தமிழ் வகுப்பை அளக்க எனக்கு மனம் வரவில்லை.

ஆகவே பத்திகளைக் கணினியில் பெரிய எழுத்தில் தட்டச்சு செய்து, முதல் வாசிப்புக்கு நீண்ட சொற்களைச் சிறு கோடிட்டுப் பிரித்தும், இரண்டாம் வாசிப்புக்குச் சேர்த்தும் தரத் தொடங்கினேன். இங்கே ஒரு பழைய தொல்லை குறுக்கிட்டது. எங்களிடம் இருந்த பயிற்சித் தாள்களில் பாதிக்கு மேல், ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைக்கும் பழைய பாமினி எழுத்துருவில் இருந்தன. கைப்பேசியில் திறந்தால் அவை பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகச் சிதறிக் கிடக்கும். எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான ஒருங்குறிக்கு (யூனிகோடு) மாற்றிய பிறகுதான் எழுத்தைப் பெரிதாக்கவும், சொல்லைத் தேடவும், கைப்பேசியையே படித்துக் காட்டச் செய்யவும் முடிந்தது. பார்வைக் குறைபாடுள்ள ஒரு மாணவிக்கு அந்த மாற்றம் ஒன்றே பாடப்புத்தகம் முழுவதையும் விடப் பெரிய உதவியாக இருந்தது.

கைப்பேசியின் குரலை முழுவதும் நம்பிவிடவும் முடியாது. ‘கடல்’, ‘காந்தி’, ‘பகல்’, ‘பங்கு’ ஆகியவற்றில் ககரம் ஒரே எழுத்துதான், ஒலியோ இடத்துக்கு இடம் வேறு. நாம் பழக்கத்தால் அறிவதை இயந்திரம் ஊகிக்க வேண்டியிருக்கிறது. ஊர்ப்பெயர்களிலும் ஆட்பெயர்களிலும் அந்த ஊகம் சறுக்குவதை நானே கேட்டிருக்கிறேன். பிள்ளைகள் படிப்பதைக் கேட்டுத் திருத்தும் செயலி ஒன்றையும் சில வாரங்கள் பயன்படுத்திப் பார்த்தோம். ‘வாழைப்பழம்’ என்பதை எங்கள் பகுதிப் பிள்ளை ‘வாயப்பயம்’ என்றுதான் படிக்கும். செயலி ஒவ்வொரு முறையும் அதைச் சிவப்பில் காட்டியது. எழுத்தைச் சரியாக அடையாளம் கண்டு பொருளும் அறிந்த பிள்ளைக்கு வாசிப்பில் குறை இல்லை. ழகர ஒலிப்பைத் திருத்துவது என் வேலைதான், ஆனால் அது வேறொரு நாளின் வேலை.

படிக்கத் தருவதற்கு நூல்கள் கிடைப்பது இப்போது கடினமன்று. சிறுவர் நூல் பதிப்பகமான பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் நான்கு படிநிலைகளில், எவரும் பதிவிறக்கி அச்சிட்டுக்கொள்ளும் உரிமத்தோடு கிடைக்கின்றன. பதின்மூன்று வயதுப் பிள்ளையிடம் முதல் படிநிலைப் படக்கதையை அச்சிட்டுக் கொடுத்தால், பக்கத்து வரிசை சிரிக்கும். அதே கதை கைப்பேசித் திரையில் இருந்தால் யார் எந்தப் படிநிலையில் இருக்கிறார்கள் என்பது எவருக்கும் தெரியாது. மின்னூலின் சிறப்பாக எவரும் இதைச் சொல்லிக் கேட்டதில்லை. என் வகுப்பில் இதுவே முதற்சிறப்பு.

ஆசிரியர்களாகிய நாங்களும் உரைநூலைத் தாண்டிப் படிப்பது அரிதாகிவிட்டது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். தமிழ் இலக்கிய நூல்களைத் தட்டச்சு செய்து இணையத்தில் இலவசமாகத் தருவதற்காக 1998 பொங்கலன்று தன்னார்வலர்கள் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் கோப்புகளில் ஒரு சொல்லை இட்டு அது வரும் இடங்களையெல்லாம் நொடியில் தேடிவிடலாம். கோட்டூர்புரத்தில் இயங்கும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய பதிப்புகள் பக்கப் படங்களாகவே கிடைப்பதால், அவற்றைப் பொறுமையாகப் பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டும். வெள்ளிக்கிழமை உணவு இடைவேளையில் நாங்கள் ஐந்து பேர் ஆளுக்கொரு பாடலைப் படித்துப் பேசத் தொடங்கியிருக்கிறோம். அதில் இருவர் தாங்கள் உரக்கப் படிக்கும் குரலைத் தனியாகப் பதிவு செய்து கேட்டதாகப் பிறகு கூச்சத்தோடு சொன்னார்கள்.

இவ்வாண்டு தலைமையாசிரியர் பழைய கைக்கணினிகள் இரண்டை ஒதுக்கித் தந்திருக்கிறார். தாழ்வாரத்தில் தண்ணீர்த் தொட்டிக்கு மோட்டார் போடும் நேரத்தில் பதிவு முழுவதும் இரைச்சலாகிவிடுவதால், மேடைக்குப் பின்னால் விளையாட்டுப் பொருள்கள் அடைத்து வைத்திருக்கும் சிறிய அறையைக் கேட்டிருக்கிறோம். சாவி இன்னும் கைக்கு வரவில்லை.